கராஜுக்குள் நின்ற வீடு

அந்த அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நுனியில்தான் உட்காருவார். கைப்பை மடியில் இருக்கும், முழங்கால்கள் ஒட்டியிருக்கும், பஸ் வந்துவிட்டால் எழுந்து ஓடப்போகிறவர் போல இருப்பார். "நல்லா ஒக்காருங்கக்கா" என்றால், "பரவாயில்ல டீச்சர், இந்தா கெளம்பிருவேன்" என்பார். இத்தனைக்கும் அது அவருடைய சொந்த வீடு. அதன் முன்பாதியில் வாடகைக்கு இருந்தவர்கள்தான் நாங்கள்.

எனக்கு ஹட்டனில் ஒரு பாடசாலைக்கு மாற்றம் கிடைத்தபோது, நானும் கணவரும் நானுஓயாவிலிருந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். டவுனைத் தாண்டி மேட்டில் ஏறும் பாதையில் வீடு. பாதையை ஒட்டிக் கீழே ஒரு பெரிய கராஜ், அதற்கு மேலே வீடு. நாங்கள் வந்த நேரம் நல்ல மழை. பாதையோரம், பின்னால் சாமான் ஏற்றும் தட்டுள்ள ஒரு வெள்ளை கெப் வண்டி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நனைந்து நின்றது. கராஜின் ஷட்டர் மூடியிருந்தது. மழை விடும்வரை கட்டிலையும் அலுமாரியையும் கராஜுக்குள் வைக்கலாமா என்று என் கணவர் கேட்டார்.

அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. "கராஜ்ல எடமில்லீங்களே தம்பி. அதுக்குள்ள ஒரு வீடு இருக்கு" என்றார்.

யாரோ குடியிருக்கிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் ஷட்டரைத் தூக்கிக் காட்டினார். உள்ளே, மரக்கட்டைகளின் மேல், அலுமினியத் தகடு அடித்த ஒரு பெரிய பெட்டி நின்றது. அதற்குக் கதவு இருந்தது, கண்ணாடி ஜன்னல்கள் இருந்தன, ஏறுவதற்கு மடக்குப் படி இருந்தது. முன்பக்கம் மேலே ஒரு பகுதி மூக்குப் போல நீண்டிருந்தது. கெப்பின் பின்தட்டில் பெட்டியை ஏற்றி வைத்தால் அந்த மூக்கு சாரதியின் தலைக்கு மேலே வரும், அதற்குள்தான் கட்டில் என்று விளக்கினார். உள்ளே ஒரு சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மடித்து விரிக்கிற மேசை. எல்லாம் துடைத்துத் துடைத்துப் பளபளத்தன.

"வண்டிய மழையில விட்டுட்டு வீட்ட கராஜுல பூட்டி வச்சிருக்கிற ஒரே ஆள் இலங்கையிலேயே நம்ம அக்காதான்" என்று பாதை வளைகிற முடக்கில் கடை வைத்திருக்கும் நானா சொல்லிச் சிரிப்பார். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். பிறகு, சிரித்தது சத்தமாகிவிட்டதோ என்று வாயைப் பொத்திக்கொள்வார்.

கிழமை நாட்களில் அந்த கெப்பில் அவர் மரக்கறி ஏற்றுவார். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் லீக்ஸும் கரட்டும் எடுத்துவந்து ஹட்டனில் ஹோட்டல்களுக்கும் கடைகளுக்கும் போடுவார். நாற்பது வயதுக்குப் பிறகு சாரதிப் பயிற்சிக்குப் போய் லைசன்ஸ் எடுத்தவர். ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பின்னால் யார் வந்தாலும் ஓரங்கட்டிவிடுவார். பஸ், லொறி, த்ரீவீலர், மோட்டார் சைக்கிள், எல்லாருக்கும் வழி. ஒருமுறை நான் கூடப் போனபோது, எதிரே வந்த பஸ் சாரதி ஜன்னலால் தலையை நீட்டி, "அக்கா, இது உங்க பக்கம்! நீங்க போனாத்தான் நான் போகலாம்!" என்று கத்தினார். அக்கா இரண்டு கைகளையும் கூப்பி, "நீங்க போங்க தம்பி, பாவம், ஆளுங்க இருக்காங்க" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

மாதத்தில் ஒருநாள் பெட்டியைக் கெப்பில் ஏற்றி, பக்கத்து ஊரான திக்கோயா வரை போய்த் திரும்புவார். எங்கும் இறங்குவதில்லை. "ரெண்டுக்கும் பழக்கம் விட்டுப் போயிரக் கூடாதுல்ல" என்பார். திரும்பி வந்ததும் பெட்டியை இறக்கி வைக்கும் சடங்கு தொடங்கும். என் கணவர் துணைக்குப் போவார். பெட்டியின் நான்கு மூலைகளிலும் திருகி உயர்த்துகிற கால்கள் இருந்தன. கெப்பைப் பின்னுக்கு எடுத்துக் கராஜுக்குள் விட்டு, கால்களைச் சுற்றிச் சுற்றிப் பெட்டியைத் தூக்கி, அடியிலிருந்து கெப்பை மெல்ல வெளியே எடுக்கவேண்டும். அந்தரத்தில் நிற்கும் பெட்டியைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டைகளின் மேல் இறக்கவேண்டும். அந்தக் கராஜையே பெட்டியை அளந்துதான் அவர் கட்டியிருந்தார். அப்படியும் மூக்கு இடிக்கிறதென்று நிலையை உடைத்து உயர்த்தினார்களாம்.

ஹட்டன் ஈரத்தைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அலுமாரியில் மடித்து வைத்த சேலையில் பூஞ்சணம் பிடிக்கும். தோல் செருப்பு பச்சையாகிவிடும். அந்த ஈரத்தோடு அக்கா ஒரு யுத்தமே நடத்தினார். பெட்டிக்குள் மெத்தையைப் படுக்கையாக விடாமல் நிமிர்த்திச் சாத்தி வைப்பார். தண்ணீர்த் தொட்டியை வடித்துத் துணியால் ஒற்றி எடுப்பார். மூலைக்கு மூலை டின்களில் அடுப்புக்கரி. வெயில் எட்டிப் பார்த்தால் போதும், மரக்கறி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஷட்டரைத் தூக்கி, பெட்டியின் கதவு ஜன்னலையெல்லாம் திறந்து விடுவார். எங்கள் சமையலறை கராஜுக்கு நேர் மேலே. கீழே ஷட்டர் உயரும் சத்தம் கேட்டால், வெளியே வெயில் என்று நான் ஜன்னலைப் பார்க்காமலே தெரிந்துகொள்வேன்.

அப்படி ஒரு வெயில் நாளில்தான் நானும் இறங்கிப் போய் உள்ளே ஏறிப் பார்த்தேன். கட்டிலின் தலைமாட்டில் ஒரு சின்ன ஃபேன் பூட்டியிருந்தது. ஜன்னல்களில் கொசு வராதிருக்க நுளம்பு வலை.

"ஹட்டன்ல எதுக்குக்கா ஃபேன்? இங்க நுளம்பு ஏது?"

அவர் ஒரு துணியால் ஃபேனின் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இங்கக்கி இல்ல டீச்சர். வவுனியாவுல சூடு. நுளம்பும் கூடவாம்" என்றார்.

வவுனியாவில் அவருக்கு ஒரு மகள் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியவந்தது.

அவர் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். தொழிலாளர் லயத்தில் காம்பரா என்கிற ஒற்றை அறைக்குள் அப்பா, அம்மா, அப்பாயி, பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே படுக்கும். இவருக்கு வாசலோரம். யாராவது வெளியே போகவேண்டுமென்றால் இவரைத் தாண்டவேண்டும் என்பதால் காலை மடக்கியே படுத்துப் பழகினாராம். "இப்பவும் நீட்டுனா தூக்கம் வராது டீச்சர்" என்பார். கல்யாணமாகி, மகள் பிறந்து, கணவர் மரம் விழுந்து இறந்துபோனார். பால்குடி மறந்த பிள்ளையைக் கணவரின் அக்காவிடம் விட்டுவிட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அந்த நாத்தனார் குடும்பத்தோடு வவுனியாவுக்குக் குடிபெயர்ந்தபோது பிள்ளையும் அவர்களோடு போனது.

குவைத்தில் அவர் படுத்தது துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில். அதைக் குறையாகச் சொல்லமாட்டார். அந்த வீட்டுப் பெரியம்மா ஒருநாள், "நீ வீட்டுல இருக்கிறதே தெரியல" என்று சொன்னாளாம். அதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், சான்றிதழைக் காட்டுவது போல. முதல்முறை அவர் அதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

குளிர்காலத்தில் அந்தக் குடும்பம் பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்குமாம். பிக்கப் வண்டியில் இதே மாதிரி ஒரு பெட்டியைக் கொண்டுபோவார்கள். குடும்பம் கூடாரத்தில் படுக்கும், இவரைப் பெட்டிக்குள் படுக்கச் சொல்வார்கள். "அதுல படுத்தா ஒரு நிம்மதி டீச்சர். யாரு வீட்டுலயும் நான் இல்ல. ஆனா எல்லாரும் பக்கத்துல இருக்காங்க. பிள்ளைங்க பேசுறது கேக்கும். சிரிக்கிறது கேக்கும். யாருக்கும் எடஞ்சல் இல்ல."

இடைஞ்சல். அவர் வாயில் அடிக்கடி வந்த சொல் அதுதான். எங்கள் மகனுக்கு முதல் பிறந்தநாள் வந்தபோது நானுஓயாவிலிருந்து என் சனமெல்லாம் வந்து இறங்கினார்கள். படுக்க இடமில்லை. அக்கா தன் அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டார். விடிந்ததும் அவரைத் தேடினால் காணவில்லை. கீழே ஷட்டரைப் பாதி தூக்கிப் பார்த்தேன். பெட்டியின் படியில் உட்கார்ந்து, தானே ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். "மேல வந்து குடிக்கலாமேக்கா" என்றேன். "விருந்தாளிங்க இருக்காங்க, குறுக்க மறுக்க நடந்தா அவங்களுக்கு எடஞ்சல்" என்றார். தன் வீட்டில் வந்து தங்கிய, தனக்கு யாரென்றே தெரியாத என் சித்தப்பாமாருக்கு!

மகள் அவரை "ஹட்டன் அம்மா" என்று கூப்பிட்டாள். வளர்த்த அத்தைதான் அவளுக்கு வெறும் அம்மா. அக்கா குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்து ஹட்டனில் குடியேறியபோது அவள் பெரிய வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். "அப்பவே கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமேக்கா" என்று ஒருமுறை கேட்டேன். "நல்லாப் படிச்சிக்கிட்டு இருந்தா டீச்சர். வேர் விட்ட பிள்ள. நான் போயி நடுவுல ஏன் எடஞ்சலா?" என்றார். மகளுக்குக் கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அதற்கும் அக்கா காலையில் போய்ப் பார்த்துவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பிவிட்டாராம். தங்கச் சொல்லவில்லையா என்று கேட்டேன். "வீட்டுல எடம் பத்தாதும்மான்னு ஒரு தடவ சொன்னா. மாமியாங்களும் கூட இருக்காங்க. அவ சொல்றது சரிதானே" என்றார். அதன் பிறகுதான் பெட்டியைச் செய்யக் கொடுத்திருக்கிறார். போகும்போது தன் இடத்தைத் தானே கொண்டுபோய்விட்டால், மகள் வீட்டில் யாரும் நகர்ந்து படுக்கவேண்டியதில்லை அல்லவா?

ஆனாலும் அவர் போகவில்லை. தைப்பொங்கலுக்குப் போகலாம் என்பார், பொங்கல் போய்விடும். பேத்தியின் பிறந்தநாளுக்கு என்பார், அதுவும் போய்விடும். "அவளே வாங்கன்னு சொல்லட்டும்" என்பார். பெட்டி கராஜுக்குள் காய்ந்து, துடைக்கப்பட்டு, தயாராக நின்றது. ஏப்ரல் விடுமுறையொன்றில் நான்தான் பொறுக்கமுடியாமல், "நானும் வர்றேன், போவோம்" என்றேன். பிள்ளையை என் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அந்தப் பயணம் முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார். கண்டி, மாத்தளை, தம்புள்ளை என்று இறங்க இறங்கச் சூடு ஏறியது. தம்புள்ளையைத் தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டார். வவுனியாவில் மகள் வீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கேட் பூட்டியிருக்கவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது, குழந்தையின் குரல் கேட்டது. அக்கா வண்டியை உள்ளே விடவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு வேப்பமரத்தின் கீழ் ஓரங்கட்டி நிறுத்தினார்.

"என்னக்கா, கூப்பிடலயா?"

"சாப்புடுற நேரம் டீச்சர். நம்மளப் பாத்தா திரும்ப ஒல வைக்கணும். காலையில போவோம்."

பெட்டிக்குள் பாண் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டோம். அவர் ஃபேனைப் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். எதிர்வீட்டில் பேத்தி பாடம் சொல்லும் சத்தம் வந்தது. "கேக்குதா டீச்சர்?" என்றார். அவர் முகத்தில் அன்று நான் பார்த்த சந்தோஷத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

விடிந்ததும் மகள் வாசல் கூட்ட வந்தாள். வேப்பமரத்தின் கீழ் நிற்கும் பெட்டியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் திகைத்து நின்றாள். அக்கா கதவைத் திறந்து இறங்கினார்.

"ஹட்டன் அம்மா? எப்ப வந்தீங்க?"

"நேத்துப் பொழுதுசாய வந்தோம்மா. நீங்க சாப்புடுற நேரம், அதான்..."

"ராத்திரி பூரா ரோட்டுலயா கெடந்தீங்க?"

"ரோட்டுல இல்லம்மா. இதுக்குள்ள எல்லாம் இருக்கு. கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு. வந்து பாரேன். ஒனக்கு ஒரு எடஞ்சலும் இல்ல."

மகள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். ஆத்திரமா அழுகையா என்று முதலில் எனக்குத் தெரியவில்லை.

"எடஞ்சல், எடஞ்சல்! சின்ன வயசுல ஒவ்வொரு தடவயும் நீங்க லீவுல வரும்போது நெனப்பேன், இந்தத் தடவ என்னைய இழுத்துக்கிட்டுப் போகப் போறாங்கன்னு. நான் வரமாட்டேன்னு கத்தணும், நீங்க விடாம இழுக்கணும். அப்புடின்னு நெனச்சுக்கிட்டே கதவுக்குப் பின்னால நிப்பேன். நீங்க வாசல்லயே நின்னு பிஸ்கட்டக் குடுத்துட்டுப் போயிருவீங்க. ஒரு தடவயாச்சும், ஒரே ஒரு தடவயாச்சும் எனக்கு எடஞ்சல் குடுத்திருக்கீங்களா நீங்க?"

அக்கா பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வீட்டுல எடம் பத்தாதுன்னு நீதானம்மா சொன்ன..."

"பத்தாதுதான். பத்தலன்னா என்ன? நெருக்கிப் படுக்க மாட்டோமா? லயத்துல நீங்க எல்லாம் எப்புடிப் படுத்தீங்க?"

கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் அங்கே சில நாட்கள் இருந்தோம். பகலில் வீட்டுக்குள், இரவில் பெட்டிக்குள். பேத்தி மட்டும் பெட்டியை விட்டு இறங்கவே இல்லை. மேசையை மடித்து விரித்து, மடித்து விரித்து, அதை ஒரு வழி பண்ணிவிட்டாள். தாயும் மகளும் அரிசி, கறி, பிள்ளையின் சளி என்று பேசிக்கொண்டார்கள். அன்று காலை நடந்ததைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. அக்கா ஏதாவது சொல்லுவார் என்று மகள் காத்திருந்தாள் என்றுதான் எனக்குப் பட்டது. அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும்போது தம்புள்ளையில் அவர் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, பாதையைப் பார்த்தபடியே, "நல்லதுன்னுதான் டீச்சர் நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை இறக்கிக் கட்டைகளில் வைத்தோம். வழக்கம்போலத் துடைத்தார், கரி மாற்றினார். ஆனால் திக்கோயா வரை போய்வருவது நின்றுவிட்டது. வெயில் அடித்தால் ஷட்டரைத் தூக்குவார். பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிடுவார். நான் மேலிருந்து கூப்பிட்டால்தான் இறங்குவார்.

அடுத்து வந்தது நாட்டில் எரிபொருள் கிடைக்காத டீசல் வரிசைக் காலம். ஊரே எண்ணெய்க்காக நாட்கணக்கில் பாதையில் கிடந்தது. கெப் தார்ப்பாய்க்கு அடியில் அசையாமல் நின்றது. ஒருநாள் காலையில் அக்கா எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் போன்.

"டீச்சர், மக பேசுனா. ரெண்டாவது உண்டாகியிருக்காளாம். டாக்டரு எந்திரிக்கவே கூடாதுன்னுட்டாராம். மாமியாளுக்கும் வளத்த அத்தைக்கும் முடியலயாம்."

"வரச் சொன்னாளாக்கா?"

"'அம்மா, வாங்க'ன்னா." கொஞ்சம் நிறுத்தி, "டீச்சர், ஹட்டன் அம்மான்னு சொல்லல. அம்மான்னு மட்டும் சொன்னா" என்றார்.

அவர் கராஜைப் பார்த்தார், கெப்பைப் பார்த்தார். "இது இல்லாம எப்புடிப் போறது?"

"கைய வீசிக்கிட்டுப் போங்கக்கா. மகதானே கூப்பிடுறா?"

டவுனில் வவுனியாப் பக்கம் மரக்கறி ஏற்றிப்போக ஒரு லொறி நிற்கிறது என்று முடக்குக் கடை நானா சொன்னார். நானும் கூடப் போனேன். அக்கா ஒரு சின்ன பேக்கை மட்டும் எடுத்துக்கொண்டார். லொறியின் முன்சீட்டில் ஏற்கெனவே சாரதியோடு இரண்டு பேர்.

"எடமில்லக்கா. அடுத்த கிழமை வேற லொறி போகும், அதுல வாங்களேன்" என்றார் சாரதி.

அக்கா திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அதுதானே அவர். ஆனால் அவர் கதவைத் திறந்து, காலை மேலே வைத்து, உட்கார்ந்திருந்தவரின் தோளில் கையை வைத்தார்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க தம்பி" என்றார். "எனக்கு என் மகளப் பாக்கப் போகணும்."

அவர்கள் நெருக்கி உட்கார்ந்தார்கள். லொறி கிளம்பியது. அவர் எனக்குக் கை காட்டக்கூட மறந்துவிட்டார்.

அவர் ஹட்டனுக்குத் திரும்பி வரவில்லை. முதல் வாரங்களில் போன் பண்ணி, "டீச்சர், வெயில் வந்தா பெட்டியக் கொஞ்சம் தெறந்து விடுறீங்களா? நேரம் இருந்தாத்தான். இல்லன்னா வேணாம்" என்பார். நான் திறந்துவிட்டேன். பேரன் பிறந்தான். அதன் பிறகு பெட்டியைப் பற்றிக் கேட்பது குறைந்தது. பேத்தி பல் தேய்க்க மறுக்கிறாள் என்பார், மருமகன் கறிக்கு உப்பை அதிகமாகப் போடுகிறார் என்பார். ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே, "அடியே, அந்த டீவியக் கொறடி! டீச்சரோட பேசுறேன்ல!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். காது அடைத்துவிட்டது. பின்னால் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சத்தம் போடுகிற அக்காவோடு நான் ஒருநாளும் இருந்ததில்லையே என்றும் இருந்தது.

பேரன் தவழத் தொடங்கிய காலம். ஒரு மத்தியானம் சமைத்து முடித்துவிட்டு, "கொஞ்சம் சாயுறேன்" என்று மகளின் கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கையையும் காலையும் நன்றாக நீட்டிப் படுத்திருந்தாராம். அசந்து தூங்குகிறார் என்றுதான் நினைத்தார்களாம். செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது.

சில மாதங்களுக்குப் பிறகு மகள் கணவனோடும் பிள்ளைகளோடும் ஹட்டனுக்கு வந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக. வீட்டுக்குள் அவர்களுக்கு அறை ஒழித்து வைத்திருந்தேன். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாங்க பெட்டியிலயே படுத்துக்கிறோம் டீச்சர்" என்றாள். குளிரும் என்றேன், பிள்ளைக்கு ஆகாது என்றேன். கேட்கவில்லை. கம்பளிகளைக் கொடுத்தேன். பேத்தி ஏறியதும் நேராக மேசையை விரித்தாள்.

மறுநாள் காலையில் தேத்தண்ணி கொண்டுபோனேன். வெளியே ஒரே பனிமூட்டம். எதிரே தேயிலை மலை இருப்பதே தெரியவில்லை. ஷட்டரைத் தூக்கிவிட்டு, மடியில் பையனோடு படியில் உட்கார்ந்திருந்தாள். கராஜின் சுவர்களை, கரி டின்களை, கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைங்களோட அப்பா இத வவுனியாவுக்குக் கொண்டுபோவம்னு சொல்றாரு" என்றாள். "நான் வேணாம்னுட்டேன். இங்கேயே இருக்கட்டும். அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வர எனக்கும் ஒரு எடம் வேணும்ல."

நான் கோப்பையை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

"டீச்சர், அம்மா எப்புடி இருப்பாங்க?"

எனக்குப் புரியவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச அம்மா கடைசியில கொஞ்ச நாள் இருந்தாங்களே, அவங்கதான். மிச்ச அம்மா பூரா உங்ககிட்டதான் இருக்காங்க. சொல்லுங்க."

எங்கே தொடங்குவது? பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வருஷம் சிவனொளிபாதமலைக்கு நாங்கள் சேர்ந்து போனதுதான் நினைவுக்கு வந்தது. அடிவாரத்து நல்லதண்ணியில் இருந்து ராத்திரியிலேயே ஏறத் தொடங்கினோம். சூரியன் எழும்புவதைப் பார்க்கத்தான் அத்தனை சனமும் அடித்துப் பிடித்து ஏறுகிறது. அக்காவோ கைக்குழந்தைக்காரிக்கு வழிவிட்டார், கிழவருக்கு வழிவிட்டார், பிறகு பாட்டுப் பாடிக்கொண்டு வந்த இளைஞர் கூட்டம் முழுவதுக்கும் வழிவிட்டு ஓரமாக நின்றார். நாங்கள் உச்சிக்குப் போனபோது சூரியன் நன்றாக மேலே ஏறிவிட்டது. சனமெல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது. "போச்சேக்கா, இவ்வளவு தூரம் ஏறி வந்து பாக்கலியே!" என்றேன். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சூரியனை அண்ணாந்து பார்த்தார். "இந்தா நிக்கிறாரே டீச்சர். நம்மளுக்காகப் போகாம நிக்கிறாரு" என்றார்.

மகள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். மடியில் இருந்த பையன் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

பிறகு, ஆறிப்போன தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அப்புறம்?" என்றாள்.